சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

சினிமாக்காரர்களின் புண்ணியத்தில் 'கேரவன்' என்ற சொல் இன்று நம் தெருக் குழந்தைகளுக்கும் தெரியும். படப்பிடிப்பு நடக்கிற இடத்தில் ஒரு பெரிய வண்டி வந்து நிற்கும். நட்சத்திரங்கள் அதற்குள் ஒப்பனை செய்துகொள்வார்கள், ஓய்வெடுப்பார்கள், வேண்டாதவர்கள் கண்ணில் படாமலும் இருப்பார்கள். சொல் என்னவோ பாரசீகத்திலிருந்து கிளம்பியது. அங்கே அது வண்டியைக் குறிக்கவில்லை. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு சேர்ந்து போன வியாபாரிகளின் கூட்டத்தைக் குறித்தது. கூட்டத்தின் பெயர், ஒருவர் தனித்திருக்கிற பெட்டிக்கு வந்து சேர்ந்துவிட்டது. சொற்களுக்கும் அந்தஸ்து உயர்வு உண்டு போலிருக்கிறது!

அந்த மாதிரிக் கூட்டங்கள் நம்மிடமும் இருந்தன. ஊர் ஊராக உப்பு விற்ற உமணர்கள் குடும்பத்தோடு வண்டியிலேயே போனார்கள். தொண்டைமான் இளந்திரையன் மேல் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி ஒன்று வருகிறது. கோழிக்கு ஒரு கூடு, தொங்கவிட்ட சிறிய உரல், கயிற்றால் கட்டிய காடிப் பானை, பிள்ளையை வைத்துக்கொண்டு மாட்டை ஓட்டும் தாய் - ஒரு வீடே நகர்ந்து போகிறது. புறநானூற்றில் ஒளவையார் இன்னும் ஒரு நுட்பமான விஷயத்தைக் கவனித்திருக்கிறார். வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று உமணர்கள் சேம அச்சு ஒன்றை வண்டிக்கு அடியில் கட்டிக்கொண்டு போவார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார்.

உவமையின் அழகைப் புலவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது வேறு. அந்த அச்சை வண்டிக்குள் வைக்காமல் அடியில் கட்டினான் பாருங்கள், அந்த உமணன் குடித்தனக்காரன்! உள்ளே வைக்க வேண்டியதை ஒழுங்காக வைப்பது பாதி வித்தை. வெளியே போகக் கூடியதை வெளியே அனுப்புவது மற்றப் பாதி. இந்த இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். என் தங்கை மகனும் மறந்திருந்தான்.

தங்கை திருவள்ளூரில் இருக்கிறாள். வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் காலமாகி ஆறு வருஷம் ஆயிற்று. முழங்கால் வலி அவளை வீட்டோடு கட்டிப் போட்டுவிட்டது. ராமேசுவரம் போக வேண்டும் என்று ஆசை. ஆனால் ரெயிலில் ஏற முடியவில்லை. லாட்ஜ் மாடிப்படி ஏற முடியவில்லை. வழியில் நினைத்த இடத்தில் ஒதுங்கவும் முடியவில்லை. பிள்ளை யோசித்தான். பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை விலைக்கு வாங்கி வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டான். ஆசனங்களைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு வீடு கட்டப் போகிறானாம். 2025-ஆம் வருஷம் தை அமாவாசைக்கு நான் அங்கே போயிருந்தபோது திண்ணை முழுவதும் வரைபடங்கள் பரவிக் கிடந்தன.

"மாமா, நீங்களே பாருங்கள். உள்ளே பத்தடி நீளம், ஐந்தரை அடி அகலம். எப்படிப் போட்டாலும் நாலு அங்குலம் உதைக்கிறது" என்றான்.

பார்த்தேன். அலமாரிகள் எட்டு. மடக்குக் கட்டில் இரண்டு. மடக்கு மேஜை ஒன்று. சமையல் மேடை, பாத்திரம் கழுவும் தொட்டி, குளிர்பெட்டி, தொலைக்காட்சி, புத்தகத் தட்டு. எல்லாவற்றுக்கும் அளவு போட்டு, பெயர் எழுதி, வர்ணமும் தீட்டியிருந்தான். கைபேசியில் வெளிநாட்டு வண்டிகளின் படங்களையும் காட்டினான். அவற்றில் ஒன்று மட்டும் என் மனத்தைக் கவர்ந்தது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 1950-இல் ஒரு வேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே வெஸ்ட்ஃபாலியா என்ற ஜெர்மன் நிறுவனம் அந்த வேனுக்கென்று 'கேம்பிங் பாக்ஸ்' ஒன்றைச் செய்தது. வாரம் முழுவதும் வண்டியில் சரக்கு ஏற்றலாம். விடுமுறை வந்தால் அந்தச் சாமான்களை உள்ளே வைத்துப் படுக்கை விரிக்கலாம்; திரும்பி வந்ததும் எடுத்துவிடலாம். போரில் நொடித்துப் போயிருந்த தேசம் அது. ஒரு வண்டிக்கு இரண்டு பிழைப்பு என்ற யோசனை அங்கே பிறந்ததில் ஆச்சரியம் இல்லை.

அன்று இரவு திண்ணையிலிருந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடியற்காலையில் ஹிருத்தாபநாசினியில் முழுகுவதற்காக முந்தின இரவே ஜனங்கள் வந்து குவிந்துவிட்டார்கள். எதிர் வீட்டுச் சுவரோரம் ஒரு குடும்பம் இறங்கியது. ஒரு பாய், ஒரு பை, ஒரு தூக்கு, அவ்வளவுதான். பாயை விரித்தார்கள், அது கூடமாயிற்று. தூக்கைத் திறந்து எல்லாரும் சாப்பிட்டார்கள். அது சாப்பாட்டு அறையாயிற்று. பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார்கள், அது படுக்கையறையாயிற்று. விடிவதற்குள் பாயைச் சுருட்டிவிட்டார்கள். மறுபடியும் அது தெருவாயிற்று!

நம் முன்னோர் சின்ன வீட்டில் பெரிய குடும்பம் நடத்திய ரகசியம் இதுதான். கட்டில் பகலெல்லாம் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். பாய் எழுந்து மூலையில் நின்றுகொள்ளும். உத்தரத்தில் தொங்கும் உறி, தரையில் ஓர் அங்குலம் கேட்காது, பூனைக்கும் எட்டாது. குழந்தைக்குத் தூளி, குதிர் கொள்ளாததற்குப் பரண், விளக்குக்குச் சுவரிலேயே மாடம். அஞ்சறைப் பெட்டி ஒன்று இருந்தால் ஒரு வீட்டுத் தாளிப்புக்கு வேண்டியதெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். இவற்றையெல்லாம் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு - பரணையும் இடித்துவிட்டு - இடம் போதவில்லை என்று நாம் அங்கலாய்க்கிறோம்.

இதைத் தங்கை மகனிடம் சொன்னேன். சிரித்தான். "ஓடுகிற வண்டியில் உறி தொங்கவிட்டால் ஊஞ்சலாடுமே, மாமா!" என்றான். நியாயமான கேள்விதான். ஓடுகிற வண்டியில் குடித்தனம் செய்கிறவர்களிடமே கேட்டுவிடுவோமே என்று தோன்றியது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஜில்லாவில் பஞ்சமா என்ன?

மறு வாரம் பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்டோம். ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் பெரிய சாலை வந்து சேர்ந்தது. ஜி.என்.டி. ரோடு என்று பழைய பெயர். சென்னையையும் கல்கத்தாவையும் இணைக்கிற வழி. நெடுஞ்சாலைக் கணக்கில் 5-ஆம் எண்ணாக இருந்து இப்போது 16-ஆம் எண் ஆகியிருக்கிறது. கவரைப்பேட்டை தாண்டியதும் காற்றில் இரும்பு வாசனை. கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பியாக இழுக்கிற ஆலைகள் நிறைய. பழைய இரும்போடு லாரிகள் வருகின்றன, கம்பியோடு போகின்றன. இரண்டுக்கும் நடுவில் சாலையோரத்தில் காத்துக் கிடக்கின்றன. சில சமயம் ஒரு நாள். சில சமயம் இரண்டு நாள்.

ஓர் ஆலையில் எடை மேடைக் கணக்கு எழுதும் நண்பர் எங்களை ஒரு பன்னிரண்டு சக்கர லாரியிடம் அழைத்துப் போனார். டிரைவருக்குச் சங்ககிரிப் பக்கம். ஐம்பது வயதிருக்கும், இருபத்தேழு வருஷமாக ஸ்டீரிங் பிடிக்கிறார். மாற்று டிரைவர் அவருடைய மைத்துனர். ஊரை விட்டுக் கிளம்பிப் பதினாறு நாள் ஆகிறதாம்.

"மேல வாங்க சார். செருப்ப மட்டும் கீழ விட்டுருங்க" என்றார்.

படியின் ஓரத்தில் செருப்புக்கென்று ஒரு தகரத் தட்டு இருந்தது. அதுதான் வாசல். ஏறி உட்கார்ந்தேன். கை முழத்தால் அளந்து பார்த்தேன்: அகலம் ஐந்து முழம், ஆழம் நாலு முழம். நம் அடிக் கணக்கில் நாற்பத்தைந்து சதுர அடி. இரண்டு ஆண்பிள்ளைகள் பதினாறு நாளாக அதில் உண்டு உறங்குகிறார்கள். ஆனால் உள்ளே கசகசப்பு இல்லை. தூசி இல்லை. முகப்பில் முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா மூன்று படங்கள், ஒரு சீப்பு. பின்னால் நீளப் பலகை. அதன் மேல் சுருட்டிய படுக்கை. பலகைக்கு மேலே கூரையை ஒட்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய வலை. துணிமணியெல்லாம் அந்த வலைக்குள். தங்கை மகன் என்னைப் பார்த்தான். உறிதான்! ஊஞ்சலாடாத உறி!

அவன் தன் வரைபடத்தை எடுத்து நீட்டினான். டிரைவர் வெகு நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல யாருங்க தம்பி படுக்கப் போறது?"

"நான், என் மனைவி, பெண் குழந்தை, அம்மா."

"அவிங்க ஒருத்தரயும் இதுல காணோமுங்களே! எல்லாம் சாமான் பேரா இருக்குது."

தங்கை மகன் முகம் சிவந்துவிட்டது. டிரைவர் இறங்கினார். டயரில் குறி போட வைத்திருந்த சாக்பீஸை எடுத்தார். எடை மேடைக்குப் பக்கத்திலிருந்த சிமெண்டுத் தரையில் பத்தடிக்கு ஐந்தரை அடியில் ஒரு கட்டம் வரைந்தார். "படுங்க தம்பி" என்றார். அவன் தயங்கிவிட்டுப் படுத்தான். அவனைச் சுற்றிக் கோடு போட்டார். "சம்சாரம் எத்தன அடி? கொழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டுக் கேட்டு மற்றக் கோடுகளையும் போட்டார். கடைசியாகத் தங்கையைப் பற்றி விசாரித்தார். முழங்கால் வலி என்றதும் கோடு போடாமல் நிறுத்திவிட்டார்.

"அம்மாவுக்குக் கீழயும் படுக்கை கூடாது, மேலயும் கூடாது. ஒக்காந்தா பாதம் தரையத் தொடோணும். ஒரு மொழ ஒயரம். கதவுக்குப் பக்கத்துல. ராத்திரி எந்திரிச்சா ஒருத்தரயும் தாண்டப் படாது. படிக்குப் பக்கத்துல புடிச்சுக்கக் கம்பி. இத மொதல்ல வெச்சுக்குங்க. மிச்சம் இருக்கற எடந்தான் சாமானுக்கு."

மிச்சம் இருந்த இடத்தை எல்லாரும் பார்த்தோம். எட்டு அலமாரிகளில் ஐந்து அந்த நிமிஷமே மறைந்துவிட்டன.

பிறகு அவர் தம் வீட்டைச் சுற்றிக் காட்டினார். வீட்டின் பெரும் பகுதி வெளியில்தான் இருந்தது! சேஸிஸின் இடது பக்கம் ஓர் இரும்புப் பெட்டி. அதன் கதவு கீழ்ப்பக்கமாகத் திறந்து, சங்கிலியில் தொங்கி, மேஜையாக நின்றது. உள்ளே அடுப்பு, அரிசி டின், எண்ணெய், அஞ்சறைப் பெட்டி. ஏன் இடது பக்கம் என்று கேட்டேன். "வண்டிய ஓரங்கட்டுனா இந்தப் பக்கந்தானுங்க மண்ணு. அந்தப் பக்கம் ரோடு. கொழம்பு தாளிக்கறவன் ரோட்டுல நிக்கலாமுங்களா?" என்றார். பெரிய பொறியியல் நூலில் இருக்க வேண்டிய வாக்கியம். தண்ணீர்க் கேன்கள் கேபினுக்குப் பின்னால், ஈரச் சாக்கு போர்த்தி. படுதாவும் கயிறும் கேபின் தலைமேல். ஸ்டெப்னி வண்டிக்கு அடியில், உமணனின் சேம அச்சு இருந்த அதே இடத்தில். துவைத்த லுங்கி பின்புறக் கயிற்றில். ஓடுகிற காற்றிலேயே காய்ந்துவிடும்.

கேபினுக்குள் சமைப்பதே இல்லையாம். மழை கொட்டினாலும் இல்லை. காஸ் சிலிண்டர் உள்ளே வரக் கூடாது. படுக்கும்போது ஜன்னல் ஒரு விரற்கடையாவது திறந்திருக்க வேண்டும். "தூக்கத்துல போனா நல்ல சாவுன்னுவாங்க. எங்களுக்கு வேண்டாமுங்க" என்றார் மைத்துனர்.

ஒரு சங்கதியை நான் எந்த வரைபடத்திலும் பார்த்ததில்லை. அவர்களுடைய பாத்திரங்களுக்கு நடுவே பழைய துணி மடித்து வைத்திருந்தது. கரண்டிகளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். கீறல் விழாமல் இருக்கவா என்று கேட்டேன். இல்லையாம், சத்தம் வராமல் இருக்கவாம். வண்டி தனக்கு என்ன நோவு என்பதைச் சத்தத்தால்தான் சொல்லும். ஒரு போல்ட் தளர்ந்தால் ஒரு சத்தம், காற்று இறங்கினால் ஒரு சத்தம். கிண்ணமும் தட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தால் அதெல்லாம் காதில் விழாது. எனவே சாமான் எதுவும் பேசக் கூடாது!

இன்னொரு விதி இதைவிடக் கடுமையானது. டிரைவர் காலடியில் எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர்ப் புட்டி, ஆரஞ்சுப் பழம், குழந்தையின் பந்து எதுவானாலும் சரி. உருண்டு போய்ப் பிரேக் மிதிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டால் மிதி இறங்காது. "எடம் இல்லேன்னு கீழ வெக்கறோமே, அது சாமான் இல்லீங்க, எமன்" என்றார். கனமான பொருள் கீழே, லேசானது மேலே. எல்லாவற்றுக்கும் ஒரு தடுப்பு. எடுத்த கையே திருப்பி வைக்க வேண்டும். இருட்டில், விளக்குப் போடாமல், மற்றவன் தூக்கம் கலையாமல் ஒரு டார்ச்சை எடுக்க முடிகிறதா? முடிந்தால் அது வீடு. முடியாவிட்டால் வெறும் சாமான் கிடங்கு.

நான் கேட்டேன்: "இத்தனை சின்ன இடத்தில் இரண்டு பேர் பதினாறு நாள். சண்டை வராதா?"

மைத்துனர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"வருமுங்க. வந்தா ஒருத்தரு எறங்கி அரை மணி நடப்போம். கேபின்ல கோவத்துக்கு எடமில்லீங்க."

இதைக் கேட்ட பிறகு வீட்டுக்கு எத்தனை சதுர அடி வேண்டும் என்ற கேள்வியே எனக்கு வேறு மாதிரி தோன்றத் தொடங்கியது. நெரிசல் என்பது பாதி சாமானால் வருகிறது. மீதிப் பாதி மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஒதுங்கிக் கொடுக்காததால் வருகிறது. முதலில் எழுந்தவர் படுக்கையைச் சுருட்ட வேண்டும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் கைபேசியில் பாட்டு வைக்கக் கூடாது. வண்டி ஓட்டுகிறவர் சொல்லே சட்டம். சமைக்கிறவர் சொல்லே சாப்பாடு. இப்படிச் சின்னச் சின்ன ஒப்பந்தங்களால்தான் அந்த நாற்பத்தைந்து சதுர அடி விரிந்து கொடுக்கிறது. பத்து அறை உள்ள வீட்டில் இரண்டு சகோதரர்களுக்கு இடம் போதாமல் போனதை நான் கண்டிருக்கிறேன். நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, இந்த ஏற்பாட்டை மெச்சி முடித்துவிட்டால் அது அந்த மனிதர்களுக்குச் செய்கிற துரோகம். கெட்டிக்காரத்தனத்தால் வெல்ல முடியாதவை சில உண்டு. வெயில் அவற்றில் ஒன்று. அந்தப் பழைய வண்டியின் கேபினுக்கு என்ஜின் அடியிலிருந்து சூடு ஏறுகிறது. தகரக் கூரை மேலிருந்து சுடுகிறது. சித்திரை மாதத்துப் பகலில் இரவெல்லாம் ஓட்டி வந்தவன் அதற்குள் எப்படித் தூங்குவான்? இறங்கி, வண்டிக்கு அடியில் நிழலில் துண்டை விரித்துப் படுக்கிறான். தெரியாமல் யாராவது வண்டியை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னாக இருந்தது, 28.5 டன் ஆயிற்று. ஒரு கையெழுத்தில் மூன்றரை டன் சரக்குக்கு இடம் பிறந்துவிட்டது! ஓட்டுகிறவன் படுக்கைக்கு அதனால் ஓர் அங்குலம் கூடவில்லை. எண்ணூரில் லாரித் தொழிற்சாலை தொடங்கி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முகமும் என்ஜினும் மட்டும் உள்ள சேஸிஸைத் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நாமக்கல் வரை ஓட்டிக்கொண்டு போன டிரைவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கேதான் பாடி கட்டுவார்கள். இப்போது கேபினோடேயே தொழிற்சாலையை விட்டு வெளிவரும் லாரிகள் பெருகிவிட்டன. 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகிற கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று 2023 டிசம்பரில் அறிவிக்கை வந்தது. நல்ல காரியம். ஆனால் என்ஜின் ஓடினால்தான் அந்தக் குளிர்ச்சி. சாலையோரத்தில் இரண்டு நாள் காத்துக் கிடக்கும்போது டீசலை எரித்துக்கொண்டு எவன் தூங்குவான்?

1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இயற்றினார்கள். படித்தால் கண்ணில் நீர் வரும். அவ்வளவு நல்ல சட்டம். நாளைக்கு எட்டு மணி வேலை, வாரத்துக்கு 48 மணி. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு. இரவு தங்க நேரும் இடங்களில் ஓய்வு அறை. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்துக்கே அது பொருந்தும் என்றும் அதிலேயே எழுதியிருந்தது. நம் நாட்டில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்துப் பிழைக்கிறவர்கள்தானே ஏராளம்? அந்த லாரிகளின் டிரைவர்கள் சட்டத்தின் இரண்டு வரிகளுக்கு நடுவே நழுவிக் கீழே விழுந்துவிட்டார்கள். லாரிக்கு அடியில்தான் விழுந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

புறப்படும்போது டிரைவரிடம் ஒன்று கேட்டேன். "உங்கள் வண்டியில் இன்னும் ஓர் அடி இடம் கூட்டிக் கொடுத்தால் என்ன வைப்பீர்கள்?"

அவர் யோசிக்கவே இல்லை. "வண்டிக்குள்ள போதுமுங்க. வெளியதானுங்க எடமில்ல. நிறுத்துனா நெழல் வேணும். குளிக்கத் தண்ணி வேணும். கக்கூசு வேணும். அது இருந்தா இந்த எடத்துல நாலு பேரு இருப்போம்."

உமணனின் இரண்டாவது பாதி வித்தை மறுபடியும் என் முன் வந்து நின்றது. வெளியே அனுப்பக் கூடியதை வெளியே அனுப்பு என்றால், வாங்கிக்கொள்ள ஒரு வெளி வேண்டுமே! பழைய காலத்தில் அந்த வெளியைச் சத்திரம் என்று பெயரிட்டு வழிநெடுகக் கட்டி வைத்தார்கள். நாங்கள் வந்த வழியிலேயே ஜனப்பன்சத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. யாரோ ஒரு புண்ணியவான் முன்பின் தெரியாத வண்டிக்காரனுக்காகக் கூரை போட்டு, கிணறு வெட்டி வைத்ததைத்தான் இப்படிப்பட்ட பெயர்கள் சொல்கின்றன. பெயர் இருக்கிறது, பஸ்காரர் தினமும் கூவுகிறார். நாம் இறங்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

தங்கை மகன் வரைபடத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தான். வண்டியின் அமைப்பை மாற்றுவதானால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதற்கு நடையாய் நடந்து வாங்கினான். அலமாரி மூன்று. மடக்குக் கட்டில் ஒன்றுகூட இல்லை. தரையில் இரண்டு பாய். தொலைக்காட்சிக்குப் பதில் ஒரு ஜன்னல். கதவுக்குப் பக்கத்தில் ஒரு முழ உயரத்தில் தங்கையின் ஆசனம். அதுவே இரவில் அவள் படுக்கை. அதற்கு அடியில் அவளுடைய பெட்டி. அடுப்பு பின்கதவுக்கு வெளியே விரிகிறது. பாத்திரங்களுக்கு நடுவே தங்கையின் பழைய நூல் புடைவை மடித்து வைத்திருக்கிறது.

ஆனி மாதத்தில் ராமேசுவரம் போய்விட்டு வந்தார்கள். கடலைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் தங்கை எழுதுவாள் என்று எதிர்பார்த்தேன். தொலைபேசியில் அவள் முதலில் சொன்னது வேறு: "ராத்திரி நானே எழுந்து, யாரையும் கூப்பிடாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டு வந்து படுத்தேன் அண்ணா." ஆறு வருஷமாக ஒவ்வொன்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஐந்தரை அடி அகலத்தில் விடுதலை கிடைத்திருக்கிறது. எடை மேடைப் பக்கத்தில் ஒரு டிரைவர் சாக்பீஸை நிறுத்தி யோசித்த அந்த அரை நிமிஷம் அவளுக்குக் கிடைத்த வரம்.

அந்த மனிதருக்குத் திருப்பிக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிற அறையின் சுவருக்குள், தளத்துக்குள் கம்பி இருக்கிறது. அது கும்மிடிப்பூண்டியில் இழுத்ததாக இருக்கலாம். வேறெங்கோ இழுத்ததாகவும் இருக்கலாம். எங்கிருந்து வந்தாலும், நாற்பத்தைந்து சதுர அடியில் வாழ்கிற ஒருவர் அதைச் சுமந்து வந்து இறக்கியிருக்கிறார். லாரியைக் காக்க வைக்கிற ஒவ்வோர் ஆலையும், கிடங்கும், துறைமுகமும் தன் மதிலுக்கு வெளியே நாலு வேப்ப மரமும், ஒரு குழாயும், இரண்டு கழிப்பறையும் வைத்தால் அந்த வீடு இரண்டு மடங்கு பெரிதாகிவிடும். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம்; பெரிய பணமும் வேண்டாம். வரைபடம் போடும்போது சாமானுக்கு முன்னால் ஆட்களின் பெயரை எழுதிக்கொண்டால் போதும்.